கான்பூரில் நான் கொண்டுபோன கிளவுஸ்

நான் இறங்க வேண்டிய ஊர் திருச்சி. தாண்டிவிட்டது. தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். கிழவன் தூங்கிப் போய்விட்டானோ என்று நீங்கள் பார்க்க வேண்டாம். தூங்கவில்லை.

பை இடிக்கிறதா? இடிக்கவில்லையா? சரி, உட்காருங்கள்.

என் போன்தான், அடிக்கட்டும். விடுங்கள். தானாக நின்றுவிடும்.

நின்றுவிட்டது பாருங்கள்.

நீங்கள் திருச்சியில்தானே ஏறினீர்கள்? அப்படியென்றால் பார்த்திருப்பீர்கள். பிளாட்பாரத்தில், நம் பெட்டிக்கு நேர் எதிரே, ஒரு நெட்டைக் கிழவன். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கான்வாஸ் ஷூ. கையில் சாமந்தி மாலை. பின்னால் நாலைந்து பேர் ஒரு துணி பேனரைப் பிடித்துக்கொண்டு. பார்த்தீர்களா? அவன் மேல் இடித்துக்கொண்டுதான் ஏறினீர்களா? யார் மன்னிப்புக் கேட்டது, நீங்களா அவனா? அவன்தானே? அவன் சுபாவம் அது.

அவன் பெயர் சவரிராஜ். பேனரில் எழுதியிருந்த பெயர் என்னுடையது. தணிகாசலம்.

தெரியாதா? நல்லது. கிரிக்கெட்டே பார்க்கிறதில்லையா? ரொம்ப நல்லது. தெரிந்தவர்களிடம் பேச முடியாது தம்பி. லண்டனில் ஐந்து விக்கெட் எடுத்தீர்களே சார், அதைச் சொல்லுங்கள் என்பார்கள். நாற்பத்தெட்டு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாய் வலிக்கிறது.

இந்தியாவுக்கு இருபத்தேழு டெஸ்ட் மேட்ச் ஆடினவன் நான். பந்தும் போடுவேன், பேட்டும் பிடிப்பேன். ஆல்ரவுண்டர் என்பார்கள். அணியில் அந்த மாதிரி ஆளுக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு இடம்தான். ஏழாவது ஆளாக இறங்கி ஆட வேண்டும், பந்து புதுசாக இருக்கும்போது பத்து ஓவர் போட வேண்டும். அந்த ஒரு இடத்துக்கு அந்த வருஷம் இரண்டு பேர். நான் சிந்தாதிரிப்பேட்டை. அவன் திருச்சி பொன்மலை, ரயில்வே காலனி.

யார் நல்ல ஆட்டக்காரன் என்று கேட்கப் போகிறீர்கள். அதை விடுங்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் வந்திருந்தார்கள். ஐந்து டெஸ்ட். முதல் இரண்டிலும் அவன் ஆடினான். நான் பன்னிரண்டாவது ஆள். பன்னிரண்டாவது ஆள் என்றால் என்ன தெரியுமா? ஆடுகிறவர்கள் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் தண்ணீர் கொண்டுபோவான். துண்டு கொண்டுபோவான். வியர்வையில் ஊறிப்போன கிளவுஸை வாங்கிக்கொண்டு காய்ந்த கிளவுஸைக் கொடுப்பான். யாருக்காவது காலில் அடிபட்டால் அவனுக்குப் பதில் வெயிலில் ஓடுவான். பேட் பிடிக்க முடியாது. பந்து போட முடியாது. அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு எடுபிடி வேலை. அவ்வளவுதான்.

இன்னொரு வேலையும் உண்டு. கேப்டன் உள்ளே உட்கார்ந்திருப்பார். நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறவனுக்கு அவர் ஏதாவது சொல்ல வேண்டும். கத்த முடியாது. பன்னிரண்டாவது ஆள்தான் போய்ச் சொல்ல வேண்டும். கிளவுஸ் கொண்டுபோகிற சாக்கில் காதில் போட்டுவிட்டு வருவான். தபால்காரன் மாதிரி.

அந்த அணியில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் எந்த ஊர் போனாலும் ஒரே அறையில் போட்டுவிடுவார்கள். சவரி வீட்டிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மிளகாய்ப்பொடி கொண்டுவருவான். ரொட்டிக்கு, சப்பாத்திக்கு, முட்டைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். ராத்திரி சாக்ஸ் துவைத்து ஃபேனுக்கு நேரே கட்டித் தொங்கவிடுவான். சொட்டுச் சொட்டாக என் படுக்கையில் விழும். "ஏன்டா, உன் கட்டில் பக்கம் கட்டக் கூடாதா?" என்றால், "நீ தண்ணி தூக்கறவன்தானே, உனக்கு ஈரம் ஆகாதா?" என்பான். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. அவனுக்கு அது தெரியாது. மனதில் எதையும் வைத்துப் பேசத் தெரியாதவன்.

இரண்டாவது டெஸ்ட் கான்பூரில். கடைசி நாள்.

விவரமெல்லாம் வேண்டாம், உங்களுக்குப் புரியாது. இவ்வளவு தெரிந்தால் போதும். நாங்கள் ஜெயிக்க இன்னும் அறுபத்தைந்து ரன். ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆறு பேர் அவுட். சவரி முப்பத்துநாலு அடித்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் வருகிறவர்கள் எவனுக்கும் பேட்டை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது. இரண்டு வழிதான். துணிந்து அடித்தால் ஜெயிக்கலாம், இல்லையென்றால் தோற்கலாம். எதுவும் செய்யாமல் கட்டை போட்டு நின்றால் டிரா. தோல்வி இல்லை. கட்டை போடுவது என்றால் வருகிற பந்தையெல்லாம் பேட்டால் தடுத்துக் காலடியில் போட்டுவிட்டு நிற்பது. ரன் கிடையாது. கைதட்டலும் கிடையாது. அடிக்கத் தெரிந்தவனுக்கு அதைவிடத் தண்டனை இல்லை.

கேப்டன் பெயர் கர்னிக். பூனாக்காரர். சின்ன ஆட்டக்காரர்களோடு பேச மாட்டார். அவராகப் பேசினால் நாம் பதில் சொல்லலாம். நாமாகப் போய் எதுவும் கேட்கக் கூடாது. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களெல்லாம் வெளியே பால்கனியில். டிரிங்க்ஸ் நேரம் வந்தது. காய்ந்த கிளவுஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கூப்பிட்டார். வாயால் அதிகம் பேசவில்லை. வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, காற்றை அமுக்குகிற மாதிரி இரண்டு தடவை. இப்படி. "கட்டை. கடைசி வரைக்கும்" என்றார். அவ்வளவுதான்.

நான் தலையாட்டிவிட்டுப் போனேன்.

மைதானத்தில் நடக்கும்போது எதுவும் நினைக்கவில்லை தம்பி. நிஜமாக. யோசித்துச் செய்திருந்தால் இன்ன காரணத்துக்காகச் செய்தேன் என்றாவது சொல்லலாம். வெயில். புல் காய்ந்து கிடந்தது. தட்டில் தண்ணீர் டம்ளர் ஆடாமல் போக வேண்டும் என்பதுதான் கவனம்.

சவரி ஈரக் கிளவுஸைக் கழற்றினான். உள்ளங்கையெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரி. நான் கொடுத்ததைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"என்னடா சொல்றார்?"

"அடிக்கச் சொல்றார்" என்றேன்.

"நிஜமாவா?"

"ஆமாம்டா. தூக்கி அடிக்கச் சொன்னார். ஜெயிக்கணுமாம்."

தமிழில்தான் பேசினோம். எதிர் முனையில் நின்றவன் டெல்லிக்காரன். அம்பயர் குஜராத்தி. சுற்றி நின்றதெல்லாம் வெள்ளைக்காரன். எவனுக்கும் ஒரு எழுத்துப் புரியாது.

சவரி பவிலியன் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்மேல நம்பிக்கை வச்சிட்டார்டா தணி" என்றான்.

அதைத்தான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் போகட்டும். அதை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கொஞ்சம் இருங்கள், டி.டி.ஆர் வருகிறார்.

போய்விட்டாரா? கேட்டீர்களா அவர் பேசினதை? டிக்கெட்டை மதுரை வரைக்கும் எழுதிக் கொடுங்கள் என்றால், என் பெயரைப் பார்த்துவிட்டு, "சார், நீங்களா! எங்கப்பா உங்க பேரைச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுவார்" என்கிறார். கூட நின்று போட்டோ வேறு. இந்த மூஞ்சியை. அது போகட்டும். கடைசியாக என்ன சொன்னார்? "கான்பூர்ல ஒருத்தர் கேப்டன் பேச்சைக் கேக்காம அடிச்சு அவுட் ஆனாராமே, நல்லவேளை சார், அதனாலதான் நீங்க எங்களுக்குக் கிடைச்சீங்க." சிரித்துக்கொண்டே சொல்கிறார். நானும் சிரித்தேன். பார்த்தீர்கள்தானே, சிரித்தேன்.

எங்கே விட்டேன்? கிளவுஸ்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கேப்டன், "சொல்லிட்டியா?" என்பது போல் புருவத்தைத் தூக்கினார். தலையாட்டினேன். சவரி முதல் ஓவரிலேயே இரண்டு பவுண்டரி அடித்தான். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. எனக்குப் பயம். மாட்டிக்கொள்வேன் என்றா? அதுவும்தான். ஆனால் அது மட்டும் இல்லை. அடித்தே ஜெயித்துவிடுவானோ என்று. ஜெயித்துவிட்டால் பிறகு எனக்கு ஜென்மத்துக்கும் தண்ணீர் தட்டுதான். அவுட் ஆகட்டும், அவுட் ஆகட்டும் என்று என் அணிக்காரனுக்கு எதிராக, என் நாட்டுக்கு எதிராக, வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஓவரில் இறங்கி வந்து தூக்கினான். பவுண்டரிக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் பிடித்துவிட்டான் ஒருத்தன்.

மிச்சம் மூன்று பேர் கால் மணியில் போனார்கள். ஆட்டம் முடிய இருபத்தைந்து நிமிஷம் இருக்கும்போது தோற்றோம்.

சவரி உள்ளே வந்து கால் பேடைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கேப்டனையே பார்த்துக்கொண்டிருந்தான். பரவாயில்லை, முயற்சி பண்ணினாய் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று. கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவருக்கு இவன் பேச்சை மீறினவன். இவனுக்கு அவர் அடிக்கச் சொல்லிவிட்டு அவுட் ஆனதும் கோபிக்கிற மனுஷன். இவன் போய்க் கேட்க மாட்டான். அவர் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார். நடுவில் நான்.

ராத்திரி அறையில் சவரி சாக்ஸ் துவைத்துக்கொண்டே சொன்னான். "பெரிய மனுஷங்க விசித்திரம்டா. அடின்னு சொன்னார், அடிச்சேன். ரெண்டடி குறைஞ்சு போச்சு. அதுக்கு இந்த மூஞ்சியா?"

"விடுடா" என்றேன்.

அடுத்த டெஸ்ட்டுக்கு மேனேஜர் பெயர் வாசித்தார். ஏழாவது பெயர் என்னுடையது. சவரியை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள், ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கேப்டன் எழுதிக் கொடுத்திருக்கிறார், கட்டுப்பாடு இல்லாதவன் என்று. ஸ்டேஷனுக்கு நான்தான் போய் ஏற்றிவிட்டேன். வண்டி கிளம்பும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலை என் கையில் திணித்தான். "ஓட்டல் சாப்பாடு உனக்கு ஆகாதுடா. வச்சுக்க. இடத்தையும் ரெண்டு கையால பிடிச்சுக்க, விட்டுடாதே."

அந்தப் பொடியை நான் தூக்கிப் போடவில்லை. தீர்கிற வரைக்கும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அந்த மேட்சில் நான் அறுபத்தொன்று அடித்தேன். நாலு விக்கெட். பிறகு என்னை அணியிலிருந்து யாரும் நீக்கவில்லை. ஒன்பது வருஷம். நான் மோசமான ஆட்டக்காரன் இல்லை தம்பி. இருபத்தேழு டெஸ்ட் யாரும் தானமாகக் கொடுக்க மாட்டார்கள். எழுபத்தொரு விக்கெட் நான்தான் எடுத்தேன், வேறு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொள்வேன்.

அவன்? மொத்தம் இரண்டே டெஸ்ட். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனான். ரயில்வே மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தான். இன்னும் கொடுக்கிறான். நான் சும்மா இருக்கவில்லை. வெளிநாடு போகும்போதெல்லாம் அவன் பிள்ளைகளுக்குப் பந்து, பேட் வாங்கி அனுப்புவேன். அவன் மகளுக்கு வேலைக்குச் சிபாரிசு பண்ணினேன். நன்றிக் கடிதம் எழுதினான். படிக்காமல் உள்ளே போட்டுவிட்டேன். என் மனைவிதான் ஒரு தடவை கேட்டாள், "உங்க சிநேகிதருக்கு இவ்வளவு செய்யறீங்க, ஒரு நடை போய்ப் பார்க்க மாட்டேங்கறீங்களே" என்று. அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

சரி, கேளுங்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. இது அதைவிட அசிங்கம்.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் டி.வி.யில் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள். ஒரு பெண். உங்களுக்கு முதல் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது சார் என்று கேட்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். கடவுள் அருள் என்றிருக்கலாம். விளக்கு வெளிச்சம், பவுடர் போட்ட முகம், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். சொல்கிறேன்: "கான்பூரில் கட்டை போடச் சொல்லி கேப்டன் சொல்லி அனுப்பினார். நான்தான் போய்ச் சொன்னேன். சவரிராஜ் கேட்கவில்லை. அடித்து அவுட் ஆனார். பாவம், நல்ல ஆட்டக்காரர், பொறுமை இல்லை. அதனால் இடம் எனக்கு வந்தது."

பாவம் என்று வேறு சொன்னேன்.

அதிலிருந்துதான் ஊரெல்லாம் அந்தக் கதை. இந்த டி.டி.ஆர் வரைக்கும்.

பேட்டி வந்த மறுநாள் காலையில் சவரி போன் பண்ணினான். திட்டுவான் என்று நினைத்தேன், பொறுமை இல்லாதவன் என்று சொல்லிவிட்டேனே. திட்டவில்லை. "டி.வி.ல பார்த்தேன்டா. நல்லா பேசின" என்றான். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "கேப்டன் அட்ரஸ் இருக்கா உன்கிட்ட?" என்றான். கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் ஒருத்தர் அட்ரஸை ஒருத்தர் கேட்பது சகஜம். பென்ஷன் விஷயமாக இருக்கும்.

அடுத்த மாசம் மறுபடி போன். பூனா போயிருந்தானாம். கேப்டன் வீட்டில் இரண்டு நாள். "பெரியவர் தளர்ந்துட்டார்டா. உன்னைப் பத்தித்தான் நிறையப் பேசினோம்" என்றான். என்னைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? பந்து வீச்சைப் பற்றிப் பேசியிருப்பார்கள். கேப்டனுக்கு என் பந்து வீச்சு பிடிக்கும். பிறகு அவர் நாலைந்து வருஷத்தில் காலமாகிவிட்டார்.

அந்த வருஷத்திலிருந்துதான் சவரி கூப்பிட ஆரம்பித்தான். வருஷா வருஷம் தை மாசம் அவன் பிள்ளைகளுக்கு ஒரு டோர்னமென்ட் நடத்துவான். "நீதான் வந்து ஆரம்பிச்சு வைக்கணும். வாடா, ரெண்டு பேரும் பேசலாம்." நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொல்வேன். கல்யாணம். கண் ஆபரேஷன். மழை. ஒரு வருஷம் மழையே இல்லாதபோது மழை என்று சொன்னேன். "சரிடா, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பான். கோபமே வராது அவனுக்கு. எதுவும் தெரியாது பாவம். தெரிந்திருந்தால் கூப்பிடுவானா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த வருஷம் அவன் கூப்பிடவில்லை. அவன் மகள் கூப்பிட்டாள். "அங்கிள், அப்பாவுக்குப் போன மாசம் இதயத்துல ஆபரேஷன். இதுதான் கடைசி டோர்னமென்ட்டுன்னு சொல்லிட்டார். உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னார். நான்தான் கேக்கறேன்." வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். சத்தியமாக. மேடையில் இல்லை, அவனிடம் மட்டும், தனியாக. எழும்பூரில் ஏறினதிலிருந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். "சவரி, கேப்டன் கட்டை போடத்தான் சொன்னார். நான்தான் மாற்றிச் சொன்னேன். உன் இடத்துக்கு ஆசைப்பட்டேன்." அவ்வளவுதான். மூன்றே வரி. விழுப்புரத்தில் சரியாக வந்தது. அரியலூரில் சரியாக வந்தது. கொள்ளிடம் பாலத்தில் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த மருந்துக் கம்பெனிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வண்டி பிளாட்பாரத்தில் நுழைந்தது. பேனரைப் பார்த்தேன். "தமிழகத்தின் தங்க ஆல்ரவுண்டரே வருக." அதற்குக் கீழே மாலையோடு அவன். மெலிந்துவிட்டான். சட்டை தோளில் நிற்கவில்லை. ஆனால் நிற்கிற நிற்பு அதே நிற்பு, ஒரு காலை முன்னால் வைத்து.

எழுந்தேன். பையை எடுத்தேன். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

மருந்துக் கம்பெனிக்காரர் திருச்சியில் இறங்குகிறவர். அவர் கையைப் பிடித்தேன். "அங்கே மாலையோடு நிற்கிறவரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும்."

"சொல்லுங்க சார், என்ன சொல்லணும்?"

"கேப்டன்..." என்றேன்.

"கேப்டனா?"

மூன்று வரியும் வாயில்தான் இருந்தது. வெளியே வரவில்லை. "ஒன்றுமில்லை. முட்டி வலி, இறங்க முடியவில்லை, மதுரையில் டாக்டரைப் பார்க்கப் போகிறார் என்று சொல்லுங்கள்" என்றேன்.

நல்ல மனுஷன். நான் சொன்னதைச் சொன்னபடியே சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். தன் முட்டியைத் தொட்டுக்கூடக் காட்டினார்.

சவரி கேட்டுக்கொண்டான். மாலையைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். நேராக ஜன்னலுக்கு வந்தான். இந்தக் கண்ணாடி திறக்காது. வெளியிலிருந்து உள்ளே சரியாகத் தெரியாது. இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகத் தேடினான். என்னைக் கண்டுபிடித்தான். ஏதோ சொன்னான். கேட்கவில்லை. நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டு, வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இப்படி, இரண்டு தடவை அமுக்கிக் காட்டினான். வண்டி கிளம்பிவிட்டது. கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தான். ஆபரேஷன் ஆன ஆள்.

முட்டிக்குத்தான் சொன்னான். மெதுவாகப் போ, பார்த்து நட என்று. எனக்கு முட்டி வலியே கிடையாது தம்பி. இந்த வயதிலும் மாடி ஏறுவேன். அவன் பாவம், அதையும் நம்பிவிட்டான்.

என்ன?

என்ன கேட்டீர்கள்?

கான்பூரில் கேப்டன் கை காட்டினபோதா? அங்கே யாரும் இல்லை. நான்தான் சொன்னேனே, எல்லாரும் பால்கனியில் இருந்தார்கள். அவரும் நானும்தான். சவரி எப்படிப் பார்த்திருப்பான்? அவன் மைதானத்தின் நடுவில் நின்றான். அவனுக்கு யார்...

பூனா.

அட்ரஸ் நான்தான் கொடுத்தேன்.

டி.வி.யில் கட்டை போடச் சொன்னார் என்று என் வாயால் நான்தான்... அவனுக்கு அதுவரை தெரியாதே. அன்றைக்குத்தான் அவனுக்கு...

இருபத்திரண்டு வருஷம் தம்பி. இருபத்திரண்டு வருஷமாக வாடா, பேசலாம் என்று கூப்பிடுகிறான். தெரிந்துகொண்டா கூப்பிட்டான்? தெரிந்துகொண்டா இன்றைக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்?

யார் நல்ல ஆட்டக்காரன் என்று கேட்டீர்களே. கேட்கவில்லையா? சரி. அவன்தான்.

மறுபடி அடிக்கிறது. பெயரைப் பாருங்கள், என் மூக்குக்கண்ணாடி பையில் இருக்கிறது. சவரியா?

எனக்குத் தெரியும்.

இல்லை, இங்கே நீட்டாதீர்கள். நீங்களே எடுங்கள். எடுங்கள் தம்பி, அவன் கட் பண்ண மாட்டான். நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம். நான் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது.